காய்ந்த மரத்தில் அடித்த திரி

அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும், ஏரிக்கரை ஜனங்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம்.

அண்ணன் மகன் என்னிடம் வந்து, "அத்தே, நீங்களும் ஒரு கட்டுரை எழுதணும். அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" என்றான். நல்லதாக நாலு வார்த்தை எழுத இந்த மலரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முதல் பக்கத்தில் மாலை போட்ட படம், படத்துக்குக் கீழே கவிதை, எல்லாம் இருக்கிறது. நான் எழுதுவதென்றால் 1991-ஐத்தான் எழுதுவேன் என்றேன். அவன், "எழுதுங்க அத்தே. எல்லாருக்கும் பாதி பாதிதான் தெரியும்" என்றான்.

அந்தப் பாதி தெரிந்தவர்களால்தான் இத்தனை வருடத் தொல்லையும். தங்கை புருஷனைக் கொன்றவர் என்று அண்ணனைப் பற்றி முணுமுணுத்தவர்கள் நம் சொந்தத்தில் உண்டு. பாவம், செய்யாத தப்புக்குத் தலை கொடுத்த உத்தமர் என்று உச்சுக் கொட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் இன்றைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள். சாப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது சேரப்பணஞ்சேரியில், எங்கள் அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில். எங்கள் அப்பா ஏரியில் வலை போட்டுப் பிழைத்தவர். நான் நடக்கப் பழகும் முன்பே காமாலையில் போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அம்மாவால் தனியாக இரண்டு வயிற்றை நிரப்ப முடியாது என்று தெரிந்ததும், யாரிடமும் கேட்காமல் காசிமேட்டுக்குப் போய்ப் படகு கட்டும் தச்சர்களிடம் சேர்ந்தார். சில வருடம் கழித்து ஒரு சாக்குப் பையோடு திரும்பி வந்தார். பையில் உளி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், பஞ்சுத் திரி, ஒரு பொட்டலம் குங்கிலியப் பிசின்.

மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். அதில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் தட்டி இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பசையை வழித்துப் பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். எங்கள் கரையில் அந்த வேலை தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கலப்பத்து இல்லை, ஓட்டையைக் கண்டுபிடிப்பது. படகு ஒழுகுகிறது என்று வருகிறவர்கள் தண்ணீர் தேங்கும் இடத்தைக் காட்டி, "இங்கதான்" என்பார்கள். அண்ணன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். "தண்ணி நிக்கிற எடம் இது. வர்ற எடத்தைக் காட்டு" என்பார். யாருக்குத் தெரியும்!

படகைக் கரைக்கு இழுத்துப் பனங்கட்டைகள் மேல் ஏற்றுவார். வெளிப்பக்கம் முழுக்க அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பூசுவார். பிறகு படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுவார். தண்ணீர் எந்த இடுக்கு வழியாக வெளியே கசிகிறதோ அந்த இடத்தில் மட்டும் சாம்பல் கறுக்கும். அதைக் கரித்துண்டால் வட்டம் போட்டு வைப்பார். வெளியே போகிற வழிதான் உள்ளே வருகிற வழியும். குடம் சுமந்தது நான். முதுகு ஒடியும். வேலை முடிந்ததும், "தங்கச்சி, தண்ணி" என்று குரல் வரும். சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து உதறிக் காட்டித் திருப்பித் தருவார். "இம்மாம் தண்ணியும் எங்கண்ணா போவுது? உன் வவுத்துக்குச் சாம்பல் பூசித்தான் பாக்கணும்" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார்.

என் கல்யாணமும் அண்ணன் முடித்ததுதான். மாப்பிள்ளை அவருடைய கூட்டாளி, அதே கரையில் சொந்தப் படகு வைத்திருந்தவர். கட்டிக்கொண்டு போன வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அண்ணனுக்கும் கல்யாணமாகி அண்ணி வந்தார். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நன்றாகத்தான் இருந்தோம்.

1991 என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பற்றி வேறு ஒரு நினைவு வரும். அந்த வருடம் எங்கள் பக்கத்துப் பேர் அடிபடாத பேப்பரே இல்லை. எங்கள் குடும்பத்துக்கு அந்த வருடம் என்றால் ஏரி மட்டும்தான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி உள்ளே உள்ளே போகும்போது, படகில் கல் ஏற்றி, ஆழமான குட்டையில் வேண்டுமென்றே மூழ்கடித்து வைத்துவிடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஐயோ படகு போச்சே என்று பதறுவார்கள். போகவில்லை, பத்திரமாக இருக்கிறது. மரம் தண்ணீரிலேயே கிடந்தால் காயாது. காயாவிட்டால் பலகை சுருங்காது, இடுக்கு வாய் பிளக்காது. மழை வந்ததும் கல்லை எடுத்துப் படகைத் தூக்கினால் அப்படியே ஓட்டலாம்.

அந்தக் கோடையில் என் வீட்டுக்காரர் படகை மூழ்கடிக்கவில்லை. செங்கல் சூளைக்கு லோடு ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று நாள் ஓடியது. போய்ப் பார்த்தபோது தண்ணீர் தூரப் போய்விட்டிருந்தது. படகு வெடித்த சேற்றின் மேல், சுடுகிற வெயிலில், மழைக்காலம் வரும்வரை கிடந்தது. பலகைகளுக்கு நடுவே ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தது.

மழை பிடித்து ஏரிக்குப் புதுத் தண்ணீர் வந்தது. புதுத் தண்ணீர் வந்தால் மீன் ஏறும். அதைவிடப் பெரிய அவசரம் ஒன்று இருந்தது. ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் யார் முதலில் வலைக்கம்பு நடுகிறாரோ, அந்த சீசன் முழுக்க அந்த இடம் அவருக்கு. பிந்தினால் கோரைக்குள் போய்க் கிடக்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் படகைக் கட்டை வண்டியில் ஏற்றி அண்ணன் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இடுப்பில் குழந்தை, கையில் அண்ணனுக்குக் கொண்டுவந்த சொம்பு. பேச்சு முழுவதையும் இந்தக் காதால் கேட்டேன்.

அண்ணன் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் எலும்பாட்டம் காஞ்சி கெடக்குது மாப்ளே. இப்ப இதுல நான் கைய வெக்க மாட்டேன். ஒரு வாரம் கரையோரத் தண்ணியில ஊறட்டும். ஊறுனா மரம் உப்பும், முக்காவாசி எடுக்கு தானா மூடிக்கும். அப்பால ஒழுவுற எடத்துல மட்டும் திரி போட்டா போதும்" என்றார்.

"ஒரு வாரமா? இன்னா மச்சான் பேசற! நாளன்னிக்கே எல்லாம் கம்பு நட்டுடுவானுங்க. நான் கரையில நின்னுகினு வேடிக்க பாக்கறதா?"

"காஞ்ச மரத்துல அடிக்கக் கூடாது மாப்ளே."

"யாரோ அடிச்சாதான் தாங்காது. நீ அடிச்சா தாங்கும். உன் கை மேல எனக்கு நம்பிக்க கீது. இன்னா தங்கச்சி புருசனுக்கு இதுகூட செய்ய மாட்டியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சொம்பை வாங்கிக் குடித்தார். "சரி வுடு. எறக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டாப்புளியைக் கையில் எடுத்தார்.

சொன்ன நாளில் படகு இறங்கியது. கலங்கல் பக்கம் இடமும் கிடைத்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. "பாத்தீங்களா எங்க மச்சான் கைய! காசிமேடே வந்தாலும் இப்படி அடிக்க முடியாது" என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் பெருமை பேசினார். அந்தப் பெருமை சில நாள் இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலை, காற்றும் தூறலுமாக இருந்தபோது வலை தூக்கப் போனார். மற்றப் படகுகள் திரும்பின. அவர் படகு திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் கலங்கலுக்கு உள்ளே தள்ளி, விளிம்பு வரை தண்ணீர் நிறைந்து மிதந்துகொண்டிருந்த படகைத்தான் முதலில் பார்த்தார்கள். மதியம் அவரைத் தூக்கி வந்தார்கள். அவருக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. காலில் வலை சுற்றியிருந்தது. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குடித்திருப்பார் என்றார்கள். என் வீட்டுக்காரர் குடித்து யாரும் பார்த்ததில்லை. அம்மன் கேட்டுவிட்டாள் என்றார்கள். காற்று கவிழ்த்துவிட்டது என்றார்கள். அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிகிறவரை துக்கப் பந்தலில் தூண் மாதிரி நின்றார். காரியம் முடிந்த அன்று, "நாளைக்குக் காலீல படகைப் பாக்கப் போறேன்" என்றார்.

கரையில் மூத்த படகுக்காரர் கன்னியப்பன் மாமா. அவர் தடுத்தார். "இன்னாத்துக்குடா? போனவன் வரப் போறானா? ஓட்டை இல்லன்னா ஒண்ணும் ஆவப் போறதில்ல. இருந்துதுன்னா உன் தலைல வுழும். கொளுத்திப் போட்டுட்டுப் போயிகினே இரு."

"பாக்கணும் மாமா" என்றார் அண்ணன்.

தாலி அறுத்தவள் அத்தனை சீக்கிரம் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். நான் தாண்டினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்ப் படகுக்கு நேரே உட்கார்ந்தேன். எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அண்ணன் பனங்கட்டை மேல் படகை ஏற்றிச் சாம்பல் பூசினார். அண்ணியும் தெருப் பெண்களும் தண்ணீர் சுமந்தார்கள். படகு நிறைய நிறையக் கூட்டம் நெருங்கி வந்தது. எல்லார் கண்ணும் இடுக்குகள் மேல்தான். அண்ணன் அடித்த திரி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். சாம்பல் வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

கன்னியப்பன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்துகினீங்களா எல்லாரும்? அவன் வேலையில ஒரு கொறை கெடையாது. போய் அவுங்க அவுங்க வேலயப் பாருங்க" என்றார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதே விட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் மூச்சு திரும்பி வந்தது. அத்தோடு விட்டிருந்தால் அண்ணன் சாகும்வரை நல்ல பேரோடு இருந்திருப்பார்.

அவர் விடவில்லை. மறுபடி ஒரு சுற்று வந்து, படகின் மூக்குப் பக்கம் குனிந்து உட்கார்ந்தார். அடியில், கடைசிப் பலகையின் நுனி மூக்குக் கட்டையோடு சேருகிற இடத்தில் சாம்பல் கறுத்துக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு பெரிதாகி, தண்ணீர் கோடாக இறங்கித் தரையில் ஓடியது.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு உடனே, "கட்டையில மோதிகீறான். ஏரி பூரா கருவேலங்கட்டதான. இதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றார். ஆமாம் ஆமாம் என்று கூட்டமும் சொன்னது.

அண்ணன் பலகை நுனிக்குள் விரலை நுழைத்தார். "மோதுனா பலகை உள்ள போவும் மாமா. இது வெளிய வந்துகீது. ஆணியப் புடுங்கிகினு வந்துகீது, பாரு." எழுந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "காஞ்ச மரத்துல திரிய இறுக்கி அடிச்சுட்டேன். தண்ணியில ஊறி மரம் உப்புச்சு. உப்ப எடம் இல்ல, எல்லாத்தையும் நான்தான் அடச்சு வெச்சுட்டேனே. ஒண்ண ஒண்ணு நெட்டித் தள்ளி, கடைசிப் பலகை ஆணியோட வெளிய போயிடுச்சு. கட்டையும் இல்ல, காத்தும் இல்ல. நான் அடிச்ச அடி."

அண்ணிதான் வெடித்தார். "ஏன், முழுசா சொல்றதுதான? ஒரு வாரம் ஊறட்டும்னு நீ சொல்லல? அவருதான அவசரப்படுத்துனாரு? தோ உக்காந்துகினு கீறாளே உன் தங்கச்சி, அவளுக்கும் தெரியும். சொல்லச் சொல்லு!"

"வாய மூடு" என்றார் அண்ணன். அண்ணியை அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "செத்தவன் வந்து பதில் சொல்லுவானா?"

எனக்குத் தெரியும்தான். நான் அதை மறுக்கவும் இல்லை. எழுந்து அண்ணன் முன்னால் போய் நின்று, ஊர் கேட்கத்தான் கேட்டேன். "அவரு கேட்டாருண்ணா. ஆமா, அவசரப்படுத்துனாரு. அவருக்கு வலை போடத் தெரியும், மரத்தப் பத்தி இன்னா தெரியும்? உனக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சுகினே ஏன் குடுத்த? அவரு கேட்டா நீ குடுத்துடுவியா?"

அண்ணன், "குடுத்திருக்கக் கூடாது" என்றார்.

"என் கையால இனிமே உனக்கு ஒரு சொம்புத் தண்ணி கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவு வயிற்றெரிச்சலோடு சொன்னேன்.

அன்று மாலையே அண்ணன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "கைக்கொழந்தய வெச்சிகினு தனியா இருக்காத. வூட்டுக்கு வா. என்னத் திட்டணும்னா பக்கத்துலயே இருந்து திட்டு" என்றார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. போனேன். பக்கத்தில் இருந்தே திட்டினேன்.

அந்தப் படகை அவர் பலகை பலகையாகப் பிரித்துப் போட்டார். கொட்டாப்புளியை அதன்பின் தொடவில்லை. கரைக்காரர்கள் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்கள். படப்பைப் பக்கம் கட்டட வேலை, லாரி செட்டில் காவல், கிடைத்ததெல்லாம் செய்தார். என் மகளுக்குக் காது குத்தியது அவர் மடியில். அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் எடுத்து வந்ததும், அவள் கல்யாணத்தில் முன்னால் நின்றதும் அவர்தான். குற்றம் குறுகுறுக்கிறது, அதனால் செய்கிறான் என்று பந்தியில் உட்கார்ந்து பேசியவர்களை எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை, பிழைத்துப் போங்கள். அண்ணன் என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

எங்களுக்குள் பேச்சு இருந்தது. சண்டை இருந்தது. சிரிப்பும் காலப்போக்கில் திரும்பி வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. வெயிலில் இருந்து வருவார். அண்ணி இல்லாவிட்டால், நான் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், தானே குனிந்து மொண்டு குடிப்பார். ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. என் மகள் பேச்சு வந்த நாளிலிருந்தே, மாமா தலை தெரிந்தால் ஓடிப்போய்ச் சொம்பைத் தூக்குவாள். அது ஏன் தன் வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொன்ன வார்த்தையை நான் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் என் வீட்டுக்காரர் போனது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்போல எனக்கு இருந்தது. அவரும் எடு என்று கேட்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபின் அண்ணன் ஒரு கார்க் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். புதிதாகச் செய்த வண்டியை ஒரு கூண்டுக்குள் விட்டு, மழை மாதிரி நாலா பக்கமும் தண்ணீர் அடிப்பார்களாம். வண்டி வெளியே வந்ததும் உள்ளே புகுந்து, மிதியடி, கதவு ஓரம், டிக்கி எல்லாம் கையால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் ஓகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எங்கே சுற்றியும் அண்ணனுக்கு அந்த வேலைதான் வாய்த்தது.

மாசக் கடைசியில் லைன் வேகமாக ஓடும். ஒரு நாள் ஒரு வண்டியில் அண்ணனுக்குச் சந்தேகம். சூப்பர்வைசர் தம்பி வந்து, "அண்ணே, ஷிப்ட் முடியப் போவுது, ஓகே போட்டுடுங்கண்ணே, லைன் நிக்குது" என்று கெஞ்சியிருக்கிறார். "காயட்டும்பா. தொடச்சு, இன்னொரு தபா தண்ணி அடிச்சுப் பாத்துட்டுப் போடறேன்" என்று இவர் நகரவில்லை. இப்படி அடிக்கடி நடந்ததில், அண்ணனை அந்த இடத்திலிருந்து எடுத்துத் தரை துடைக்கும் பிரிவில் போட்டுவிட்டார்கள். அந்த வண்டியில் ஓட்டை இருந்ததா இல்லையா என்று அவருக்கே கடைசிவரை தெரியாது.

இதை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே அண்ணியிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த வாய் அன்னிக்கு எங்கண்ணா போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி என்னை முறைத்தார். அண்ணன் கையில் இருந்த உருண்டையை வாயில் போட்டு, மென்று விழுங்கினார். "அதத்தான் நானும் கேட்டுகினு கீறேன்" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

வேலையை விட்டு நின்ற பிறகு அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கியது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது, தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். சொம்பு சொம்பாகக் குடித்தவருக்கு ஒரு சின்ன டம்ளர் அளவு வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நன்றி சொல்லி முடிப்பது முறை. சொல்லிவிடுகிறேன். நேரம் பார்க்காமல் வண்டி எடுத்து வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற கம்பெனிப் பிள்ளைகளுக்கும், அண்ணனைத் தன் தகப்பனைப்போலத் துடைத்து எடுத்த வார்டு அம்மாவுக்கும், இறுதி நாளில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்குச் சோறு போட்ட ஏரிக்கரைத் தெருவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. படுத்த படுக்கையான கன்னியப்பன் மாமா தன் பிள்ளைகளிடம் தன்னை நாற்காலியோடு தூக்கி வரச் சொல்லி, அண்ணன் காலடியில் சாம்பல் ஒரு பிடி வைத்து அழுதாரே, அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார். இருந்தாலும் சொல்கிறேன். எனக்கும் சேர்த்து இத்தனை வருடம் அந்த வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

இனி ஒன்று பாக்கி இருக்கிறது.

அண்ணன் போவதற்கு முந்தின நாள் மதியம். அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அண்ணன் உதடு வெடித்துக் கிடந்தது. பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்.

"தண்ணி வேணுமாண்ணா?" என்றேன்.

"அவ வரட்டும்" என்றார்.

அவர் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டு, டாக்டர் சொன்ன அளவுக்கு டம்ளரில் ஊற்றிக் குடிக்க வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். பழைய பழக்கம், டம்ளரை என் கையோடு பிடித்துக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் குடு" என்றார்.

அன்றைக்கு உள்ள அளவு முடிந்துவிட்டது. கூடாது என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருந்தார், நர்ஸ் சொல்லியிருந்தார், தலைமாட்டில் எழுதியும் மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் அண்ணன் போன பிறகு, டாக்டரிடமும் அண்ணியிடமும் நானே போய்ச் சொன்னேன். டாக்டர், "அதனாலன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். அண்ணி, "தெரிஞ்சுகினே ஏன்டி குடுத்த?" என்று கேட்டார்.

அண்ணன் கேட்டார். கொடுத்தேன்.